ரேடியோக்காரர்களுக்கு இடம் பார்த்த ஆடி மாதம்

எனக்கு எழுத வராதுங்க. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினவள். அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் மளிகைக் கடைச் சீட்டும், கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளின் பட்டியலும்தான். எங்கே நிறுத்துவது, எங்கே புள்ளி வைப்பது என்று தெரியாது. போதாததுக்கு மறதி. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கணும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்க ஊட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டி ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஹாம் ரேடியோ என்று ஒரு பைத்தியம் உண்டு. சர்க்கார் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு பெட்டியும் மொட்டைமாடியில் ஒரு நீள ஏரியல் கம்பியும் வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே பைத்தியம் பிடித்த ஆட்களோடு காற்றிலேயே பேசுவார். இதில் சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது. மாடியில் என் துணிக் கொடியை விட அவர் கம்பிக்குத்தான் மரியாதை அதிகம்.

தினமும் காலை ஏழு மணிக்கு இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து கூடுவார்கள். இடம் என்றால் ரேடியோவில் ஒரு இடம். ஒருத்தர் ஒருத்தராக முறை வைத்துப் பேசி, முடித்ததும் "ஓவர்" என்று சொல்லி அடுத்தவருக்கு விடுவார்கள். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். பேசுவதற்குத்தான் லைசென்ஸ் வேணும், கேட்பதற்கு வேண்டியதில்லை. எனக்குத் தோதான ஏற்பாடு.

இருபது வருசமாகக் கேட்கிறேன். யார் முகமும் தெரியாது. அவர்களுக்கெல்லாம் எழுத்தும் நம்பரும் சேர்ந்த பெயர்கள் இருக்கின்றன, எனக்கு அது வாயில் நுழையாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். நாகர்கோவில் பக்கம் ஒருவர், தொண்டையைக் கனைக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் கனைத்தால் நான் அடுப்பைக் குறைத்துவிடுவேன், இப்போதைக்கு முடிக்க மாட்டார் என்று அர்த்தம். அவர் கனைப்புக்காரர். தூத்துக்குடிப் பக்கம் ஒருவருக்கு அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கனத்த குரல். அவர் அண்டாக்காரர். அப்புறம் மழைக்காரம்மா.

மழைக்காரம்மாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம். தன் முறை வந்ததும் முதலில் மழையைத்தான் சொல்வார். "இங்க நல்ல மழையாக்கும்" என்பார். இல்லாவிட்டால் "இன்னிக்கு வெயிலாக்கும்" என்பார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கள் வீடு நடக்கிறது. அங்கே காலையில் மழை என்றால், கணவாய் வழியாகக் காற்றோடு வந்து மத்தியானத்துக்குள் சிங்காநல்லூரில் எங்கள் மாடியில் சாரல் விழும். மழை என்று அவர் சொன்னால் நான் வடகம் பிழிய மாட்டேன். வெயில் என்றால் கம்பளி வரைக்கும் துவைத்துப் போடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மிளகாயைக் காயவைப்பார்கள். "எப்படீங்க்கா இத்தனை கரெக்டாச் சொல்றீங்க?" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன். அந்தப் பெருமை என்னுடையது இல்லையே என்று உள்ளே உறுத்தும். ஒரு தடவை அந்த அம்மாவை நேரில் பார்த்து, "எல்லாம் உங்களாலதானுங்க" என்று சொல்லிவிடணும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

இவர்கள் வருசத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஊரில் மாநாடு போடுவார்கள். ஆயிரம் பேர் வரைக்கும் சேரும். முன்பு ஒருமுறை எங்கள் ஊரில் போட்டபோது, காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக ஒரு லாட்ஜின் மூணாவது மாடியில் ஹால் பிடித்திருந்தார்கள். நான் போகவில்லை, மகளுக்குப் பிரசவ நேரம். போனவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். லிஃப்டில் நாலு பேர் ஏறலாமாம், அதில் ஒருத்தர் கம்பியும் கோலுமாக வந்தால் அவர் மட்டும்தானாம். கீழே பூராவும் கடை, டவுன் பஸ் ஆரன். ரேடியோவைத் திறந்தால் கொர்ர் என்று ஒரே இரைச்சலாம். பக்கத்தில் கரண்டில் ஓடுகிற மோட்டார், லைட்டு எல்லாமே இவர்கள் ரேடியோவில் இரைச்சலாக விழுமாம். அமெரிக்காக்காரர் குரல் கேட்கும் என்று காதைக் கொடுத்தவர்களுக்குக் கீழே ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடியதுதான் கேட்டதாம். கடைசிப் பந்தி சாப்பிட்டு எழுந்தபோது சாயங்கால டீ வந்துவிட்டதாம். மழைக்காரம்மா மூணாவது மாடி என்று கேட்டதுமே வரவில்லை. அவருக்கு முழங்கால் வலி.

இந்தத் தடவை மறுபடியும் கோயமுத்தூர் முறை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள். மார்கழியில் கல்யாணம் இருக்காது, மண்டபமெல்லாம் சும்மா கிடக்கும் என்று கணக்கு. ஆனால் பழைய லாட்ஜை யாரும் மறக்கவில்லை. "ஆடி முடியறதுக்குள்ள ஒரு நல்ல இடத்தைக் காட்டுங்க. இல்லாட்டி பெங்களூருக்குக் குடுத்துரலாம்" என்று அண்டாக்காரர் ஒருநாள் காலையில் சொன்னார். அடுத்துப் பேசுகிற முறை மழைக்காரம்மாவுடையது. அன்றைக்கு மழையைச் சொல்லவே இல்லை.

"கோயமுத்தூர்னா வந்துடுவேன். பெங்களூர்னா என்னால ஆகாது, முட்டு சம்மதிக்காது. அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்ற வயசும் இல்லையாக்கும்" என்றார்.

அன்றைக்கு எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடை பூராவும் ஓடியது. நான் கவனிக்கவில்லை.

இடம் பார்க்கிற பொறுப்பை எங்க ஊட்டுக்காரர் தலையில் கட்டினார்கள். கூட ரெண்டு பேர். ஒருத்தர் பேங்க்கில் மேனேஜராக இருந்தவர், கார் அவருடையது. இன்னொருத்தர் காலேஜில் கரண்டைப் பற்றியே பாடம் நடத்தின வாத்தியார். "அம்மணி, நீயும் வா. ஆயிரம் பேருக்குச் சமைக்கோணும், சமையக்கட்டைப் பாக்க எங்களுக்குத் தெரியாது" என்று எங்க ஊட்டுக்காரர் கூப்பிட்டார். நான் பின் சீட்டில், ரேடியோப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன்.

முதலில் சூலூர் பக்கம் ஒரு மண்டபம். தரையோடு தரையாகப் பெரிய ஹால். ஆடிக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, பட்டப்பகல் வெளிச்சம். மண்டபத்து மேனேஜர் சாவிக்கொத்தோடு கூடவே வந்தார். எங்க ஊட்டுக்காரர் வேப்பமரத்தில் கம்பியை எறிந்து மாட்டி, பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். அவரும் வாத்தியாரும் காதில் மாட்டுகிற சாதனத்தை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பேங்க்காரர் மேலே எங்கெங்கே கம்பி கட்டலாம் என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்து ஒரு தொட்டியில் காலை விட்டார்.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தது. பெரிய கிரைண்டர், அதன்மேல் ஈரத்துணி.

"மாவு பாதியில நிக்குதுங்க்கா. காலைல போனது. சாயங்காலந்தான் விடுவாங்களாம்" என்றது அந்தப் பெண்.

நாங்கள் ரெண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பக்கம் போனாலே விசைத்தறிச் சத்தம் டக்கடக்கென்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு மைனா கத்துவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆம்பளைகள் மூணு பேரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி சந்தோசமாக வந்தார்கள்.

"இரைச்சலே இல்லீங்க! நடுக்கடல்ல உக்காந்த மாதிரி!" என்றார் வாத்தியார்.

"ஜப்பான்காரர் ஒருத்தரு பக்கத்து ஊட்ல இருந்து கூப்பிடற மாதிரி கேக்குது" என்றார் எங்க ஊட்டுக்காரர்.

"நம்ம மண்டபம் எப்பவுமே அமைதிங்க" என்றார் மேனேஜர்.

கார் திரும்பி வருகிற வரைக்கும் மாநாட்டையே நடத்தி முடித்துவிட்டார்கள். யார் எங்கே உட்காருவது, எந்த மூலையில் என்ன கடை என்று ஏகப்பட்ட பேச்சு. நான் வாயே திறக்கவில்லை. ரேடியோவிலும் கரண்டிலுமே பொழுதைக் கழித்தவர்கள் மூணு பேர், அவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "நாளைக்குக் காலைல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன்" என்றார் எங்க ஊட்டுக்காரர். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"ஏனுங்க, கரண்டு வந்ததுக்கப்புறம் ஒருக்காக் கேட்டுப் பாப்பீங்களா?"

"எந்தக் கரண்டு?"

"அங்கதானுங்க. காலைல இருந்து இல்லைன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே. தறிகூட ஓடலீங்களே."

தோசை பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். ஊர் பூராவும் கரண்டு நிறுத்தின நாளில் போய், இரைச்சல் இல்லை இரைச்சல் இல்லை என்று கூத்தாடிவிட்டு வந்திருக்கிறார்கள். ஜப்பானில் பேசினது கேட்டிருக்கிறது, பக்கத்துத் தெருவில் தறி நின்றது கேட்கவில்லை.

"இதை ஏன் அம்மணி அங்கயே சொல்லலை?"

"கரண்டு தெரிஞ்சவங்க மூணு பேரு நிக்கறப்ப, கரண்டு இல்லைன்னு நான் எப்படிங்க சொல்லறது?"

அவருக்குக் கோபப்படவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார். வாத்தியாருக்கும் போன் செய்து சொன்னார். தன்னிடம் படித்த பசங்க யார் காதுக்கும் இது போகக் கூடாது என்று அவர் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டாராம்.

ரெண்டு நாள் கழித்து மறுபடியும் அங்கே போனோம். கம்பியை மாட்டிப் பெட்டியைத் திறந்ததும், தகரக் கூரையில் கல்மாரி விழுந்த மாதிரி சத்தம். சுற்றிலும் தறி, வாசலில் கலர் கலராக ஓடுகிற நல்வரவு போர்டு, உள்ளே ஆயிரம் சின்ன பல்பு. ஜப்பான்காரர் போன இடம் தெரியவில்லை. மண்டபத்து மேனேஜருக்கு ஒரே குழப்பம்.

"கரண்டு இருந்தாத்தானுங்க ரேடியோ பாடும்? உங்களுது கரண்டு இல்லாட்டித்தான் பாடுமாட்ட இருக்குது?" என்றார்.

"எங்களுது அப்படிப்பட்ட ரேடியோங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் காரில் ஏறிக்கொண்டார்.

அதற்கப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மூணு பேரும் உள்ளே நுழைந்ததும் சுவிட்ச் போர்டைத் தேடுவார்கள். ஃபேனைப் போட்டு, சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். ஃபேன் வியாபாரிகள் என்றே ஒரு வாட்ச்மேன் நினைத்துவிட்டார்.

அவிநாசி ரோட்டில் ஒரு ஏசி ஹால் பார்த்தோம். நானெல்லாம் உள்ளே செருப்போடு போகவே கூச்சப்படுகிற மாதிரி பளபளப்பு. இரைச்சல் கூடத் தாங்கலாம் என்றார்கள், ஆனால் மாடியில் கம்பி கட்டக்கூடாதாம், கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம். கம்பி இல்லாத ரேடியோ மாநாடு, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி என்று பேங்க்காரர் வரும் வழியெல்லாம் புலம்பினார்.

இன்னும் கிழக்கே ஒரு ஊரில், சர்ச்சை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பெரிய மைதானம், பெரிய ஹால், சுற்றிலும் மரம். ஃபேனும் சுற்றியது, ரேடியோவும் அமைதியாக இருந்தது. எங்க ஊட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "அம்மணி, சமையக்கட்டுல கேட்டுட்டியா? கரண்டு இருக்குதுதானே?" என்று என்னிடமே சாட்சி கேட்டார். இருக்குதுங்க என்றேன். அங்கே இருந்த சிஸ்டர் தங்கமானவர். காபி கொடுத்து, "எந்த மாசமுங்க உங்க விழா?" என்று கேட்டார்.

"மார்கழிலங்க சிஸ்டர். கிறிஸ்துமஸ்க்கு முன்னால ஞாயித்துக்கெழமை."

சிஸ்டர் முகம் மாறிவிட்டது. "அப்ப ஸ்டார் கட்டிப்போட்டிருப்போமுங்களே. மரத்துக்கு மரம், கோபுரத்துல இருந்து கேட்டு வரைக்கும் சீரியல் லைட்டு. சுத்துப்பட்டு ஊரெல்லாம் பாக்க வருமுங்க" என்றார். அப்புறம் பெரிய மனசோடு, "வேணும்னா அன்னிக்கு ஒரு நாளைக்கு அணைச்சு வெக்கலாமுங்க" என்றார்.

"வேண்டாமுங்க சிஸ்டர். ஏசு பொறக்கற நேரத்துல ஸ்டாரை அணைச்சாங்கன்னு எங்க பேரு வேண்டாம்" என்று எங்க ஊட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆடி முடிய நாலு நாள்தான் இருந்தது. காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். "சரி, பெங்களூர்க்காரங்களே நடத்தட்டும். நம்ம ஊர்ல கரண்டில்லாத எடம் எங்க இருக்குது" என்றார் பேங்க்காரர். எங்க ஊட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த அம்மா சொன்னதுதான் காதில் ஓடியது, முட்டு சம்மதிக்காது, முட்டு சம்மதிக்காது என்று.

எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் பார்ப்பதெல்லாம் கல்யாணம் செய்கிற இடம். கல்யாணம் என்றாலே வெளிச்சமும் சத்தமும்தான். அங்கே போய் வெளிச்சம் வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று நின்றால் எப்படிக் கிடைக்கும்? நமக்கு வேண்டியது பெரிய சமதளம். படி இருக்கக் கூடாது. கரண்டு இல்லாமலே வேலை நடக்கிற இடமாக இருக்கணும். அந்த மாதிரி இடத்துக்கு நான் வருசத்துக்கு ரெண்டு தடவை தேங்காய் எண்ணெய் வாங்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் இதை மூணு ஆம்பளைகள் இருக்கிற காரில் சொல்லணுமே. அந்தப் பாலம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் வந்தது, போனது. பெட்ரோல் பங்க் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவும் போனது. கடைசியில் எப்படி வந்ததோ தெரியவில்லை, "களம்!" என்று கத்திவிட்டேன்.

பேங்க்காரர் சடக்கென்று பிரேக் போட்டார். "என்னங்க்கா, நாய் குறுக்க வந்துதுங்களா?"

"இல்லீங்க. கொப்பரைக் களமுங்க. காங்கயத்துப் பக்கம்."

மூணு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் லாரிக்காரன் ஆரன் அடித்தான். அந்தச் சத்தத்தில்தான் மீதியைச் சொன்னேன். சிமெண்டுத் தளம் ஏக்கர் கணக்கில் இருக்குது, தேங்காயை உடைத்து வெயிலில்தான் காயவைக்கிறார்கள், கரண்டுக்கு அங்கே வேலையே இல்லை, மார்கழியில் பனி விழுவதால் களம் காலியாகத்தான் கிடக்கும், சுற்றிலும் தென்னைமரம், எத்தனை கம்பி வேண்டுமானாலும் கட்டிக்கலாம். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் ஆம்பளைகள் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை.

"தென்னைமரமா? எத்தனை உசரம் இருக்குமுங்க?" என்று வாத்தியார் கேட்டார். ஆள் விழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாளே போனோம். களம் பூராவும் வெள்ளை வெளேரென்று தேங்காய் மூடி கவிழ்ந்து மல்லாந்து காய்ந்துகொண்டிருந்தது. களத்துக்காரர் என் வயசுக்காரர், அவரிடம்தான் எண்ணெய் வாங்குவேன். எங்க ஊட்டுக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஒரு ஓரத்தில் இருந்த கிடங்குக்குப் போய் ஒரே ஒரு பல்பைப் போட்டார். எரிந்தது. அப்புறம்தான் கம்பியை எறிந்தார்.

ரேடியோவைத் திறந்தார். அமைதி. சந்தேகப்பட்டு மறுபடியும் போய்ப் பல்பைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது. வாத்தியார் காதில் இருந்ததைக் கழற்றிக் களத்துக்காரர் காதிலேயே மாட்டிவிட்டார்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றார் களத்துக்காரர்.

"அதானுங்க வேணும்!" என்றார்கள் மூணு பேரும் ஒரே நேரத்தில்.

களத்துக்காரர் என்னைப் பார்த்து மெதுவாக, "ஏனுங்க்கா, இவங்க நல்லாத்தான இருக்காங்க?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்காங்க, கொஞ்சம் இப்படித்தான் என்றேன். அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது.

"ரேடியோ அலை பட்டு கொப்பரைக்கு ஏதாச்சும் ஆகிப்போகுமுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. எங்க ஊட்ல இருபது வருசமா அலை அடிக்குது, மோர் கூடப் புளிச்சதில்லை" என்றார் எங்க ஊட்டுக்காரர். மோர் புளிக்கத்தான் செய்யும்.

பந்தல் எங்கே, மேடை எங்கே என்று அவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட தைரியத்தில் நான் இன்னொன்றும் கேட்டேன். "ஏனுங்க, பொம்பளைங்க எங்க போவாங்க?" மூணு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்டார்டிகாவோடு பேசத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை. களத்துக்காரர்தான், "நம்ம ஊடு இங்கயேதானுங்க இருக்குது, ரெண்டு குளியலறை. பொம்பளைங்களுக்கு அதைத் தொறந்து உட்டறேன். ஆம்பளைங்களுக்கு வேலையாளுங்க கக்கூஸ் இருக்குது, பத்தாததுக்கு வண்டியில வர்றதைச் சொல்லிக்கலாம்" என்றார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு எங்க ஊட்டுக்காரர் இடத்தைச் சொன்னார். கொப்பரைக் களமா என்று கனைப்புக்காரர் ரெண்டு தடவை கனைத்தார். அண்டாக்காரர் தென்னைமரத்தின் உயரத்தைக் கேட்டார். மழைக்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"படி உண்டா?"

"ஒரு படி கூட இல்லீங்க. கார் நேரா உள்ளயே வந்துரும்."

"அப்ப நான் வந்துடுவேனாக்கும்."

அன்றைக்கு நான் கேசரி கிளறினேன். என்ன விசேசம் என்று அவர் கேட்டார். ரவை பழசாகுது என்று சொல்லிவைத்தேன்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமை அந்தக் களத்தைப் பார்த்திருக்கணும். தென்னைக்குத் தென்னை கம்பி ஓடுகிறது, அடியில் மேசைக்கு மேசை பெட்டி. மைக்குக்கு மட்டும் தூரத்தில் ஒரு ஜெனரேட்டர், மற்றதெல்லாம் பேட்டரி. கிடங்கில் ஒரே பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வந்த எல்லோர் மேலும் தேங்காய் எண்ணெய் வாசம். காக்காய்க்குத்தான் ஏமாற்றம், கொப்பரையைத் தேடி இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனது.

நான் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு குரலுக்கு முகம் தேடினேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அண்டாக்காரர் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒல்லி, மீசை கூட மெல்லிசு. கனைப்புக்காரர் ரெண்டு மணி நேரம் என் பக்கத்திலேயே நின்றார், ஒரு தடவை கூடக் கனைக்கவில்லை. மைக்கைப் பிடித்தால்தான் வருமாம்.

மழைக்காரம்மா பதினோரு மணிக்கு வந்தார். உயரமாக, கம்பீரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். குள்ளமாக, வெள்ளைப் புடவையில், கையில் ஒரு குடையோடு காரில் இருந்து இறங்கினார். எங்க ஊட்டுக்காரர் கூட்டிவந்து, "இவங்கதான் எங்க ஊட்ல" என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ரெண்டு பேரையும் ஒரு தென்னைமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

நான் இருபது வருசமாகச் சொல்ல நினைத்தது ஒரு வரிதான். அது வரவில்லை. அந்த அம்மாவும் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் பேசுவதற்கு அவரும் என்னை மாதிரியேதான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் காக்காயைப் பார்த்தோம். கடைசியில் அவர் குடையின் கைப்பிடியை மைக் மாதிரி வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"உங்களைப் பாத்ததுல சந்தோசம். ஓவர்" என்று சொல்லி, குடையை என்னிடம் நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போது நம் முறை, எப்போது பேசலாம் என்று தெரியாமல்தான் நான் எல்லா இடத்திலும் வாயை மூடிக்கொண்டிருப்பது. இப்படிக் கையில் கொடுத்தால் பேசலாம் போலத்தான் இருந்தது. குடையை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வடகம், கம்பளி, பக்கத்து வீட்டு மிளகாய், எல்லாம் உங்களாலதானுங்க என்று. முடித்துவிட்டு, "ஓவருங்க" என்றேன்.

அந்த அம்மா குடையை அவசரமாக வாங்கிக்கொண்டார்.

"அய்யோ, நான் மழையைப் பாத்துச் சொல்றதில்லையாக்கும்" என்றார். "ரேடியோ வெச்சிருக்கற அறைக்கு ஜன்னலே கிடையாது. ஓட்டு மேல சத்தம் கேட்டா மழை, கேக்காட்டி வெயில்னு சொல்லிடுவேன். எங்க ஊர்ல குரங்கு ஜாஸ்தி. அது ஓடினாலும் அதே சத்தந்தான். ஓவர்."

"அப்ப நான் இருபது வருசமா குரங்கைக் கேட்டுட்டுத்தான் வடகம் போட்டனுங்களா? ஓவருங்க."

"பாதி நாள் குரங்கு, பாதி நாள் மழை. எந்த நாள் எதுன்னு எனக்கே தெரியாதாக்கும்."

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். எனக்குக் கூச்சமே வரவில்லை. சாப்பாட்டுக்கு அவரை என் பக்கத்தில்தான் உட்காரவைத்தேன். ரசம் ரெண்டு தடவை வாங்கினார்.

இவ்வளவுதாங்க எனக்கு ஞாபகம் இருப்பது. இதில் எது முன்னால், எது பின்னால் என்று எனக்கே சந்தேகம்தான். சூலூருக்கு முதலில் போனது புதன்கிழமையா வியாழக்கிழமையா, பந்தியில் உட்கார்ந்தது முந்நூறு பேரா அதைவிடக் கம்மியா என்பதெல்லாம் சரியாகச் சொல்ல முடியவில்லை. தென்னைமரத்தின் உயரத்தையும் வாத்தியார் சொன்னார், மறந்துவிட்டேன். எங்க ஊட்டுக்காரரிடம் கேட்டால், கரண்டு போன விசயத்தையே இதில் இருந்து எடுத்துவிடச் சொல்வார், அதனால் அவரிடம் காட்டவில்லை. அந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துத் திருத்திக் கொடுங்கள். தினமும் பேசினதை நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உங்களுக்கெல்லாம் உண்டு என்று தெரியும். அந்த அம்மா மழை என்று சொன்ன நாட்களில் கோயமுத்தூரில் நிஜமாகவே எத்தனை நாள் பெய்தது என்று, நேரம் இருந்தால், அதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க.